கனிமப் பவுடர் ஸ்டெம் செல்லை எழுப்பி எலும்பை வளர்க்குமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அம்மாவுக்கு வயது 57. மாதவிடாய் நின்று ஏழெட்டு வருஷம் ஆகிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் இடுப்பு எலும்பின் டி ஸ்கோர் மைனஸ் 2.7 என்று வந்திருக்கிறது, அதாவது எலும்பு நன்றாகவே தேய்ந்திருக்கிறது. டாக்டர் வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார், கூடவே கால்சியமும் வைட்டமின் டி-யும். இதற்கிடையில் தெருவில் தெரிந்த அக்கா ஒருவர், 72 வகை நுண்கனிமங்கள் சேர்ந்தது என்று ஒரு பவுடரைக் கொடுத்திருக்கிறார். மஜ்ஜையில் தூங்கிக்கொண்டிருக்கும் ஸ்டெம் செல்லை, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்லை, எழுப்பி எலும்பைப் புதுசாக வளர்க்குமாம். டப்பா 4,800 ரூபாய். அம்மா மாத்திரையை விட்டுவிட்டுப் பவுடரில் இறங்கிவிட்டார், பாதி டப்பா காலி. இதில் உண்மை இருக்கிறதா?

மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்கள், பவுடரை நிறுத்தச் சொல்லுங்கள். பதில் அவ்வளவுதான். ஆனால் அம்மா ஏன் என்று கேட்பார், அந்த அக்காவும் சும்மா விடமாட்டார். டப்பாவில் போட்டிருப்பது முழுப் பொய்யாக இருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். பாதி உண்மையாக இருப்பதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. உயிர்வேதியியல் பாடம் எடுத்துப் பிழைத்தவன் நான், டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை அம்மாவைப் பரிசோதித்தவருடையது.

எலும்பு உடம்புக்குள் ஓயாமல் இடிபட்டு, திரும்பக் கட்டப்படும் திசு. பெரியவர்களுக்கு வருஷத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எலும்பு புதுசாகிறது. கரைக்கும் செல்கள் ரத்த அணுக்களின் வம்சத்தில் வந்தவை. கட்டும் செல்கள் வேறு வம்சம். மஜ்ஜையில் இருக்கும் மெசன்கைமல் ஸ்டெம் செல்லிலிருந்து அவை பிறக்கின்றன. மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன் என்பவர் 1960களில் இருந்து செய்த சோதனைகளில்தான் இந்தச் செல்களின் அடையாளம் தெரிய வந்தது. மஜ்ஜையில் இவை மிகவும் சொற்பம். பத்தாயிரம் செல்லில் ஒன்று, இன்னும் கறாராக எண்ணினால் லட்சத்தில் ஒன்று.

இந்தச் செல்லுக்கு எலும்பு மட்டும்தான் விதி என்றில்லை. எலும்பு கட்டும் செல்லாகலாம், குருத்தெலும்பாகலாம், கொழுப்புச் செல்லும் ஆகலாம். வயசு ஏற ஏறக் கொழுப்புப் பக்கம் சாய்கிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டால் அந்தச் சாய்வு கூடுகிறது, கூடவே கரைக்கும் செல்களுக்கும் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. ஆக அம்மாவின் மஜ்ஜையில் ஸ்டெம் செல் தூங்கவில்லை. அதில் ஒரு பகுதி வேறு வேலைக்குப் போய்விட்டது, இன்னொரு பக்கம் இடிக்கும் வேலை மும்முரமாக நடக்கிறது. டாக்டர் எழுதிய அலெண்ட்ரோனேட் அந்த இடிப்பைத்தான் தடுக்கிறது. அதை நிறுத்திவிட்டு இன்னொன்றை 'எழுப்ப' முயல்வதில் கணக்கே இடிக்கிறது.

ஒரு இடைச்செருகல். 'மெசன்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரை 1991ல் பரவலாக்கிய ஆர்னால்ட் கேப்லன், 2017ல் அந்தப் பெயரையே மாற்றிவிடலாம் என்று எழுதினார். ஸ்டெம் செல் என்ற பெயரைக் காட்டிக் கடை விரித்தவர்கள் அவ்வளவு பேர். நம் ஊரிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டி நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது: ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று மாதிரி ஒப்புதல் பெற்றவை போக, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் ஆராய்ச்சிக் கட்டம்தான். காசு வாங்கிக்கொண்டு செய்யக்கூடாது.

கனிமத்துக்கும் ஸ்டெம் செல்லுக்கும் சம்பந்தம் உண்டு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஆய்வகத்திலிருந்துதான், அதுவும் நல்ல ஆய்வகங்களிலிருந்து. 1969ல் அமெரிக்காவில் லாரி ஹென்ச் என்ற பொருளறிவியலாளர் சிலிக்கா, கால்சியம், சோடியம், பாஸ்பரஸ் கலந்து ஒரு கண்ணாடி செய்தார். அதை எலும்புக்குள் வைத்தால் எலும்பு அதோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடி மெல்லக் கரையும்போது வெளிவரும் சிலிக்கானும் கால்சியமும் பக்கத்துச் செல்களுக்குள் எலும்பு கட்டும் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன என்று பிற்பாடு தெரிந்தது. இன்றைக்குப் பல் டாக்டர்களும் எலும்பு டாக்டர்களும் குழியை நிரப்ப இந்த வகைப் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். துத்தநாகம் (ஜிங்க்), ஸ்ட்ரான்சியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் ஆய்வகத் தட்டில் வளரும் ஸ்டெம் செல்லுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பல சோதனைகளில் அது எலும்புப் பக்கம் திரும்பவும் செய்கிறது. ஆனால் தட்டில் செல்லின் மேலேயே ஊற்றும் உப்பும், வாயில் போட்டு, குடல் தாண்டி, கல்லீரல் தாண்டி, ரத்தத்தில் கறாரான கட்டுப்பாட்டில் ஓடும் உப்பும் ஒன்றாகாது. டப்பாக்காரர் தாண்டிக் குதித்த இடம் இதுதான்.

தனித்தனிக் கனிமமாகப் பார்ப்போம். துத்தநாகத்துக்குக் கொஞ்சம் அதிக நேரம் தேவை, ஏனென்றால் குறைந்தால் என்ன ஆகும் என்பது மனிதர்களிடமே கண்டறியப்பட்டது. பீகாரின் பக்சரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத், ஈரானின் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தபோது 21 வயது இளைஞன் ஒருவன் வந்தான். பார்த்தால் பத்து வயசுப் பையன். பெரும்பாலும் புளிக்காத ரொட்டிதான் சாப்பாடு, களிமண் தின்னும் பழக்கம் வேறு. 1961ல் அதை எழுதினார். பிறகு எகிப்தில் இதே மாதிரி வளர்ச்சி நின்றுபோனவர்களிடம் துத்தநாகம் குறைந்திருப்பதைக் காட்டினார். கொடுத்தபோது வளர ஆரம்பித்தார்கள். அதுவரை மனிதனுக்குத் துத்தநாகக் குறைபாடு வரவே வராது என்றுதான் பெரியவர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எலும்பில் துத்தநாகத்தின் வேலையைப் பார்க்க அம்மாவின் பழைய ரத்த ரிப்போர்ட்டே போதும். லிவர் டெஸ்டில் 'ஆல்கலைன் பாஸ்பேடேஸ்' என்று ஒரு வரி இருக்கும். அந்த நொதி கல்லீரலில் மட்டும் இல்லை, எலும்பு கட்டும் செல்லின் மேலேயும் உட்கார்ந்திருக்கிறது. பைரோபாஸ்பேட் என்ற பொருள் எலும்பில் உப்புப் படிகம் உருவாகாமல் தடுத்துக்கொண்டே இருக்கும். இந்த நொதி அதை உடைத்தால்தான் கால்சியமும் பாஸ்பேட்டும் படியும். நொதியின் வேலை நடக்கும் இடத்தில் இரண்டு துத்தநாக அயனிகளும் ஒரு மெக்னீசியமும் இருக்கின்றன. அவை இல்லாமல் நொதி இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஸ்டெம் செல்லை எலும்புப் பக்கம் திருப்பும் ஆஸ்டெரிக்ஸ் என்ற புரதமும் துத்தநாகத்தைக் கவ்விக்கொண்டுதான் டி.என்.ஏ.வைப் பிடிக்கிறது. பவுடர்காரர் சொல்வதில் உள்ள உண்மைப் பாதி இது. துத்தநாகம் இல்லாவிட்டால் ஸ்டெம் செல்லின் வேலை கெடும். அதற்காக இருமடங்கு போட்டால் இருமடங்கு வேலை நடக்காது. நொதியில் இரண்டு இடம்தான், நிரம்பிவிட்டால் நிரம்பியதுதான்.

அடுத்தது செம்பு. உடம்பு முழுக்கச் சேர்த்தாலும் 100 மில்லிகிராம் அளவுதான் இருக்கும், வேலையோ பெரிது. எலும்பின் எடையில் பெரும்பங்கு உப்பு என்றாலும், அது முறியாமல் வளைந்து கொடுப்பது கொலாஜன் என்ற புரதத்தால். அந்தக் கொலாஜன் மூன்று இழை முறுக்கிய வடிவம் என்று 1954ல் சொன்னவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இழை மட்டும் இருந்தால் போதாது. காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், முடிச்சு இல்லாத வலை வெறும் நூல். கொலாஜனுக்கு முடிச்சுப் போடுவது லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி, அதற்குச் செம்பு வேண்டும். செம்பு குறைந்த குழந்தைகளுக்கு எலும்பு எளிதில் முறிகிறது. பெரியவர்களுக்கு ரத்த சோகை, வெள்ளை அணு குறைவு, கால் மரத்துப்போய் நடை தள்ளாடுவது வரைக்கும் போகும்.

இப்போது நீங்கள் அனுப்பிய லேபிள் படத்துக்கு வருகிறேன். ஒரு கரண்டியில் துத்தநாகம் 50 மில்லிகிராம் என்று இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். 2020 பரிந்துரைப்படி பெண்களுக்கு ஒரு நாளைக்கு 13.2 மில்லிகிராம் போதும். அமெரிக்கக் கணக்கில் பெரியவர்களுக்கு மேல்வரம்பு 40. அந்த 40 எப்படி வந்தது தெரியுமா? அதற்கு மேல் தொடர்ந்து போனால் செம்பு குறைய ஆரம்பிக்கிறது என்பதால்தான். துத்தநாகம் அதிகமானால் குடல் செல்கள் மெட்டல்லோதயோனின் என்ற புரதத்தை நிறையத் தயாரிக்கின்றன. அது உணவில் வரும் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. செல் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடுகிறது. உங்கள் டப்பாவின் 72 கனிமங்களில் அளவு போட்டிருப்பது மூன்றுக்கு மட்டும்: துத்தநாகம், செலினியம், ஸ்ட்ரான்சியம். செம்புக்கு அளவே இல்லை. எலும்புக்கென்று வாங்கிய சாமான், வருஷக்கணக்கில் தின்றால், எலும்பின் முடிச்சை அவிழ்க்கும். கொரோனா சமயத்தில் மெடிக்கலில் வாங்கிய 50 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரையைப் பழக்கமாக இன்னும் தினம் போட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கும் இதேதான்.

நுண்கனிமத்துக்குச் சாதகமான ஆதாரமே இல்லை என்று சொன்னால் அது நேர்மை ஆகாது. கலிபோர்னியாவில் 59 பெண்களை வைத்து இரண்டு வருஷம் நடந்த ஒரு ஆய்வு 1994ல் வெளியானது. எல்லோரும் மாதவிடாய் நின்றவர்கள். கால்சியத்தோடு துத்தநாகம் 15, மாங்கனீஸ் 5, செம்பு 2.5 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்த குழுவில் முதுகெலும்பின் அடர்த்தி குறையாமல் நின்றது. சத்து இல்லாத போலி மாத்திரை கொடுத்த குழுவில் குறைந்தது. ஆனால் கால்சியம் மட்டும் சாப்பிட்ட குழுவுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நிரூபிக்க அந்த எண்ணிக்கை போதவில்லை. அளவுகளைக் கவனியுங்கள், எல்லாம் சாப்பாட்டு அளவு. செம்பும் கூடவே இருக்கிறது. அந்த ஆய்வைக் காட்டி 50 மில்லிகிராம் விற்க முடியாது.

ஸ்ட்ரான்சியத்தைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கையாகவே சொல்கிறேன். கால்சியத்தின் உறவுக்கார உலோகம் அது, எலும்புக்குள் அதே இடத்தில் போய் உட்காரும். ஸ்ட்ரான்சியம் ரானிலேட் என்ற மருந்தாக ஐரோப்பாவில் 2004ல் ஒப்புதல் கிடைத்தது, முறிவுகளும் குறைந்தன. பிறகு மாரடைப்பு ஆபத்தும் ரத்தம் உறையும் ஆபத்தும் தெரிந்து 2014ல் கட்டுப்பாடு போட்டார்கள், 2017ல் தயாரித்த கம்பெனியே நிறுத்திக்கொண்டது. உங்கள் அம்மாவுக்கு பி.பி. இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டாக்டருக்குத் தெரியாமல் இது வேண்டவே வேண்டாம்.

'எலும்பு கெட்டியாகும்' என்ற வாக்கைக் கேட்டதும் மயங்கிவிடுகிறோம். அதற்கு மருந்து நம் சென்னைச் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1937ல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் ஷார்ட்டும் அவர் கூட்டாளிகளும், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்க்காரர்களைப் பற்றி எழுதினார்கள். எக்ஸ்ரேயில் அவர்கள் எலும்பு வெள்ளை வெளேர் என்று அடர்த்தியாகத் தெரிந்தது. ஆட்களோ முதுகு வளையாமல், கழுத்து திரும்பாமல் முடங்கிக் கிடந்தார்கள். அந்தக் கட்டுரையில் பெயர் உள்ளவர்களில் பர்னார்டும் ஒருவர். சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச்.சில் இருக்கும் பர்னார்ட் எக்ஸ்ரே நிலையம் அவர் பெயரில்தான் இயங்குகிறது. பிற்காலத்தில் அமெரிக்காவில் ஃப்ளோரைடை மருந்தாகவே கொடுத்துப் பார்த்தார்கள். 1990ல் வந்த முடிவு: நான்கு வருஷத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியது, முதுகெலும்பு முறிவு கணிசமாகக் குறையவில்லை, மற்ற எலும்புகளில் முறிவு கூடிவிட்டது. ஃப்ளோரைடு கட்டும் செல்களைத் தூண்டத்தான் செய்கிறது, ஆனால் கட்டப்படும் எலும்பு ஒழுங்கில்லாத எலும்பு. ஸ்கேன் எண் ஏறுவதும் எலும்பு பலப்படுவதும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை.

72 என்ற எண்ணே என்னைக் கலவரப்படுத்துகிறது. உடம்புக்குத் தேவை என்று உறுதியாகத் தெரிந்த கனிமங்கள் இருபதுக்குள்தான். மீதி எல்லாம் என்ன? மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் வடித்த பொருளில் ஈயமும் ஆர்சனிக்கும் காட்மியமும் இருக்க வாய்ப்புண்டு. 2004ல் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70ஐப் பரிசோதித்ததில் 14ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. ஈயத்தை எலும்பு கால்சியம் என்று ஏமாந்து உள்ளே வைத்துக்கொள்கிறது. பெரியவர் உடம்பில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான், அங்கே பல பத்து வருஷம் தங்கும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு கரையும்போது பழைய ஈயமும் ரத்தத்துக்கு வருகிறது. ஸ்டெம் செல்லை எலும்புப் பக்கம் போகவிடாமல் கொழுப்புப் பக்கம் தள்ளும் குணமும் ஈயத்துக்கு உண்டு என்று சோதனைகள் காட்டுகின்றன. வடசென்னையில் இருக்கும் நமக்கு ஈயம் புதுசு இல்லை. 2000ல் முடிவுக்கு வந்த ஈயப் பெட்ரோலின் புகையைக் குடித்து வளர்ந்தோம். பழைய பேட்டரி உடைக்கிறவர்கள், பெயிண்ட் சுரண்டுகிறவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். காசு கொடுத்து வேறு சேர்க்க வேண்டாம். வீட்டில் யாராவது அந்த மாதிரி வேலைக்குப் போனால், வேலைத் துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

கேன் தண்ணீரால் எலும்பு தேயுமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில் கனிமம் போய்விடும் என்பது சரி. மீஞ்சூர் கடல்நீர் ஆலைத் தண்ணீரும் உப்பை வடித்ததுதான். ஆனால் நமக்குக் கால்சியம் பெரும்பாலும் வருவது சாப்பாட்டிலிருந்து. தட்டு சரியாக இருந்தால் தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தட்டு என்றதும், வடசென்னைக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். நண்டு, கடம்பா, எறா இவற்றின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான், அதனால்தான் அந்த ரத்தம் நீலம் பாய்கிறது. மாட்டுக்கறியிலும் ஆட்டுக்கறியிலும் துத்தநாகம் தாராளம், ஈரலில் செம்பு. நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் கால்சியம். கருவாடும் சத்துதான், ஆனால் பி.பி. உள்ள அம்மாவுக்கு அந்த உப்பு ஆகாது. கறி மீன் சாப்பிடாத நாளில் எள்ளு, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை. தானியத் தோலில் இருக்கும் ஃபைட்டேட் துத்தநாகத்தையும் இரும்பையும் கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். ஷிராஸ் இளைஞனைக் கெடுத்ததும் அதுதான். புளிக்க வைத்தால் ஃபைட்டேட் உடைகிறது. மாவைக் கரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்டு, காலையில் நொய் போட்டுக் காய்ச்சிய கூழ் அந்த வகையில் களியைவிட மேல். அவசரத்துக்குக் கிண்டும் இன்ஸ்டன்ட் கஞ்சிமாவில் அந்தப் புளிப்பு வேலை நடப்பதில்லை. ஆட்டுக்கால் பாயாவைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: அதில் கொழகொழவென்று இருப்பது கொலாஜன் கரைந்த ஜெலட்டின், கால்சியம் ரொம்பக் குறைவு. ருசிக்குக் குடிக்கலாம்.

ஸ்டெம் செல்லை எலும்புப் பக்கம் திருப்ப நிஜமாகவே ஏதாவது செய்ய வேண்டும் என்றால், அது பாரம். எலும்பின் மேல் எடை விழும்போது உள்ளே இருக்கும் செல்கள் அதை உணர்ந்து கட்டச் சொல்லிச் சேதி அனுப்புகின்றன. எடையே இல்லாத விண்வெளியில் வீரர்களுக்கு இடுப்பு எலும்பு மாதம் ஒன்று, ஒன்றரை சதவீதம் வரை குறைவது இதனால்தான். அம்மா காலையில் நடக்கட்டும், மாடிப்படி ஏறட்டும், நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்து பழகட்டும். குனிந்து பாரமான குடத்தைத் தூக்குவது மட்டும் கூடாது, இந்த டி ஸ்கோரில் முதுகெலும்பு நசுங்கும். சந்து வீட்டுக்குள்ளேயே இருப்பவர் என்றால் வைட்டமின் டி அளவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அது குறைந்தால் கால்சியம் எவ்வளவு போட்டாலும் குடல் சரியாக ஏற்காது. தினமும் கேஸ் மாத்திரை போடுகிறவரா, மூட்டுவலிக்கென்று பெயர் தெரியாத பொட்டலம் வாங்குகிறவரா என்றும் கேளுங்கள். அந்தப் பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு, எலும்பைக் கரைப்பதில் அதற்கு நிகர் இல்லை.

வார மாத்திரையை அம்மா ஏன் விட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. நெஞ்செரிச்சலால் என்றால், விழுங்கும் முறையைக் கவனியுங்கள். காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் பச்சைத் தண்ணீரோடு, பிறகு அரை மணி நேரம் படுக்காமல், காபி குடிக்காமல். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காமல் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை டிரிப்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் இருக்கிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு எலும்புப் பிரிவில் கேளுங்கள். போகும்போது டப்பாவையும் கொண்டு போங்கள்.

பாதி டப்பா உள்ளே போனதால் பெரிய ஆபத்து வந்துவிடாது, துத்தநாகமும் செம்பும் இவ்வளவு சீக்கிரம் தலைகீழாகிவிடாது. நடை தள்ளாட்டமோ காலில் மரப்போ இருந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: அடுத்த டெக்சா எடுக்கும்போது ஸ்ட்ரான்சியம் சாப்பிட்டதை ஸ்கேன் எடுப்பவரிடமும் டாக்டரிடமும் சொல்ல வேண்டும். அது கால்சியத்தைவிடக் கனமான அணு, எக்ஸ்ரேயை அதிகம் தடுக்கும். எலும்பு தேறாமலேயே டி ஸ்கோர் தேறினது மாதிரி காட்டும். அதை வைத்து அந்த அக்கா அடுத்த டப்பாவை விற்றுவிடுவார்.